பர்ன்அவுட்: தமிழில் என்ன சொல்லலாம்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஐடி அலுவலகங்களிலும் பர்ன்அவுட் என்ற சொல் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. ஷிப்மென்ட் போன மறுநாள் உடம்பு அசந்து கிடந்தாலும் பர்ன்அவுட், மாதக்கணக்கில் வேலையை நினைத்தாலே வெறுப்பு வந்தாலும் பர்ன்அவுட். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால், பின்னதில் சிக்கியவருக்கும் "ரெண்டு நாள் தூங்குங்க, சரியாயிரும்" என்ற பதில்தான் கிடைக்கிறது.

ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள், எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் தீ அணைந்துபோவது. ராக்கெட்டில் எரிபொருள் தீர்வதற்கும், மோட்டார் எரிந்துபோவதற்கும் இதே சொல்தான். மனிதர்களுக்கு இதைக் கலைச்சொல்லாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச சிகிச்சை மையத்தில், ஆர்வத்தோடு சேவை செய்ய வந்தவர்களே மெல்ல மெல்ல வற்றிப்போவதைப் பார்த்து 1974-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சோம்பேறிகளைப் பற்றி அல்ல, உயிரைக் கொடுத்து உழைத்தவர்களைப் பற்றிப் பிறந்த சொல் இது. கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் சக ஆய்வாளரோடு சேர்ந்து இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். உள்ளம் வறண்டுபோதல், எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காத விலகல், நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத நீண்டநாள் பணியிட அழுத்தத்தால் வருவது என்று 2019-இல் விளக்கம் தந்தது.

சரி, தமிழில்? கொங்குப் பக்கம் "ஒரே சடவா இருக்குதுங்க" என்பார்கள். சடைவு என்பதன் பேச்சு வடிவம்தான் சடவு. நல்ல சொல், ஆனால் ஒரு தூக்கத்தில் போய்விடும் அலுப்புக்குத்தான் அது பொருந்தும். மனச்சோர்வு என்று எழுதுவது தவறு. அது டிப்ரஷன், வேலையோடு நிற்காமல் வாழ்க்கை முழுவதையும் மூடுவது. பணிச்சோர்வு படித்ததும் புரிகிறது, செய்தி எழுதுகிறவர்கள் தாராளமாக அதையே எழுதலாம். எனக்கு நெருக்கமானது ஓய்ந்துபோதல். "ஆளே ஓஞ்சு போயிட்டானுங்க" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, முன்பு எப்படி ஓடியாடித் திரிந்தவர் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. கட்டுரையில் 'பணியால் ஓய்ந்துபோதல்' என்று விரித்து எழுதலாம்.

மோட்டார் பம்புக்குப் பேர்போன கோவையில் "காயில் எரிஞ்சு போச்சு" என்பதைக் கேட்காத தோட்டக்காரர் இருக்க மாட்டார். வோல்டேஜைக் கவனிக்காமல் காயிலை மட்டும் மாற்றிக் கட்டினால் அது திரும்பவும் எரியும். ஒரு வாரம் லீவு எடுத்துவிட்டு அதே வேலைப்பளுவுக்குத் திரும்புகிறவரின் நிலையும் இதுதான்.

ஆகவே நேரத்தையும் தெம்பையும் காப்பது என்றால் யோகா வகுப்பில் சேர்வதோடு முடியாது. வாரம் 48 மணி நேரம் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் எல்லை போட்டது. ஒன்றரை ஷிப்ட் பழகிப்போன ஊரில் அந்த எல்லையை யாரும் நினைப்பதுகூட இல்லை. தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லரிடம் போய் வேலையைக் குறைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் குறைத்தால் கூலிதான் குறையும். அங்கே மாற வேண்டியது ரேட்டும் ஷிப்டும், அது முதலாளியின் பொறுப்பு.

பையரோடு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், டீம் லீடர் போன்றவர்களுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. அமெரிக்க பையருக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. எந்த மணிக்கு மேல் மெயில் பார்ப்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். "காத்தால மொத வேலையா முடிச்சுத் தர்றனுங்க" என்றால் மரியாதையும் குறையாது, தூக்கமும் மிஞ்சும். வாரத்தில் ஒரு நாளாவது போனில் வேலை க்ரூப் எதையும் திறக்காமல் இருப்பது நல்லது.

வேலையை விட்டு விலகி இருந்தும் எதிலுமே பிடிப்பு வரவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அதைப் பணிச்சோர்வு என்று தள்ளிவிடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.