வயிற்றைச் சுருக்கியபின் பி12 எந்த வழியாகப் போகும்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு ஸ்லீவ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகிறது. எடை நன்றாக இறங்கியிருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் பாதியாகிவிட்டது. "ரத்தப் பரிசோதனையில் பி12 நார்மல் என்றே வருகிறது. ஆனாலும் ஆயுசுக்கும் பி12 மாத்திரை போடச் சொல்கிறார் டாக்டர். அதுவும் 1000 மைக்ரோகிராம்! ஒரு நாளைக்கு இரண்டரை மைக்ரோகிராம் இருந்தாலே போதுமாமே. இது மருந்துக் கம்பெனி வேலையா?"

நியாயமான சந்தேகம். அவர் சொல்லும் இரண்டு எண்களும் சரிதான். இரண்டுக்கும் நடுவே நானூறு மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அறுவை சிகிச்சையை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு ஒடுங்கிய குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். பைபாஸ் என்ற இன்னொரு எடைக்குறைப்பு முறையில் இரைப்பையின் மேலே சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் ஸ்லீவுக்குப் பிறகு பசியே குறைந்துவிடுகிறது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. இரைப்பை வெறும் பை இல்லை. அதன் சுவரில் இருக்கும் பரைட்டல் செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அதே செல்கள் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தையும் சுரக்கின்றன. பி12 உடம்பில் சேர இந்தப் புரதம் கட்டாயம் வேண்டும்.

ஒரு முட்டையில் இருக்கும் பி12 எப்படிப் பயணம் போகிறது என்று பாருங்கள். முதலில் அது உணவின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து அதைப் பிய்த்தெடுக்கின்றன. விடுபட்டதுமே, உமிழ்நீரோடு இறங்கி வந்திருக்கும் ஹேப்டோகாரின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. இன்ட்ரின்சிக் ஃபேக்டரும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அமிலச் சூழலில் ஹேப்டோகாரினின் பிடிதான் வலுவானது, அதோடு போட்டி போட முடியாது. இரண்டும் அருகருகே முன்சிறுகுடலுக்கு வருகின்றன. அங்கே கணையத்தின் நொதிகள் ஹேப்டோகாரினைக் கடித்துத் துண்டாக்கிவிடுகின்றன. இன்ட்ரின்சிக் ஃபேக்டரை மட்டும் அந்த நொதிகளால் எதுவும் செய்ய முடிவதில்லை. பிடி தளர்ந்த பி12-ஐ அது வாங்கிக்கொண்டு, சிறுகுடலின் முழு நீளத்தையும் கடந்து கடைசிப் பகுதி வரை கூட்டிப்போகிறது. அங்கே குடல் சுவரில் கியூபிலின் என்ற ஏற்பி காத்திருக்கிறது. அது தனியாக வரும் பி12-ஐக் கண்டுகொள்ளாது. இன்ட்ரின்சிக் ஃபேக்டரோடு சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுக்கும்.

ஒரே ஒரு வைட்டமினுக்கு இத்தனை கைமாற்றம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் விசேஷம். 1920-களில், குணமாகாத ஒருவகை ரத்தசோகையால் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். தினமும் நிறைய ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள் என்று 1926-இல் மினோட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவருக்கு வேறொரு கேள்வி எழுந்தது: மற்றவர்கள் ஏன் ஈரல் சாப்பிடாமலேயே நன்றாக இருக்கிறார்கள்? அவர் அரைவேக்காட்டு மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, இன்னும் கொஞ்சம் செரிக்க வைத்து, குழாய் வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களில் அவர்கள் ரத்தத்தில் புதுச் சிவப்பணுக்கள் கூடின. இறைச்சி மட்டும் கொடுத்தபோது பலன் இல்லை. இரைப்பை நீரை மட்டும் கொடுத்தபோதும் இல்லை. ஆக, உணவில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இரண்டு பொருள் தேவை என்று தெரிந்தது. உணவில் இருப்பது பி12 என்று 1948-இல்தான் பிரித்தெடுத்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது என்பது வேறு விஷயம்.

சரி, அக்காவிடம் வருவோம். ஸ்லீவில் வெட்டி எடுத்த பகுதியோடு பரைட்டல் செல்களில் பெரும்பங்கும் போய்விட்டது. பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலமும் குறைவு, கூட்டிப்போகத் துணையும் குறைவு. பைபாஸில் பழைய இரைப்பை உள்ளேயே இருக்கும். ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போவதில்லை. சுரக்கும் கொஞ்சநஞ்சமும் வெகுதூரம் கீழே போய்த்தான் உணவைச் சந்திக்கிறது.

அந்த 1000 இங்கேதான் வருகிறது. துணையே இல்லாவிட்டாலும், விழுங்கும் பி12-இல் சுமார் 1 சதவீதம் குடல் சுவர் வழியாகத் தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். 1000-இல் 1 சதவீதம் என்றால் 10 மைக்ரோகிராம். தேவைக்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே அது பேராசைக் கணக்கு இல்லை, கசிவுக் கணக்கு. சிலருக்கு அதற்குப் பதில் ஊசியாகவே போடுவார்கள்.

எட்டு மாதத்தில் நார்மல் ரிப்போர்ட் வந்ததற்குக் காரணம் கல்லீரல். அது சில மில்லிகிராம் பி12-ஐச் சேமித்து வைத்திருக்கிறது. அது தீர வருடங்கள் ஆகும். மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், ஞாபகம் குழம்பும். நாள் கடந்த நரம்புச் சேதம் முழுதாகத் திரும்புவதும் இல்லை. இதில் இன்னொரு சிக்கல், ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன்பே பி12, இரும்பு, வைட்டமின் டி மூன்றையும் பார்த்துச் சரிசெய்யச் சொல்கிறார்கள். நம் ஊரில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை விழுங்குகிறவர்கள் எல்லாருக்கும் சேமிப்பு ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

முன்தயாரிப்பில் பலரும் முணுமுணுப்பது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் சாப்பிடச் சொல்லும் மாவுச்சத்து குறைந்த உணவுக்குத்தான். இனிமேல் எங்கே சாப்பிடப்போகிறோம் என்று முந்தின வாரம் பிரியாணிக் கடையில் உட்காருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கல்லீரலின் இடது மடல் இரைப்பைமேல் படர்ந்து கிடக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் லேப்ராஸ்கோப்பி செய்ய முடியும். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் வழிவிடாது, எளிதில் கிழியவும் செய்யும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் தன்னிடம் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் கூடவே வெளியேறுகிறது. அப்புறம் கொழுப்பும் கரைகிறது. இந்த நாட்களில் சர்க்கரை மருந்தின் அளவையும் டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் லோ சுகர் ஆகிவிடும்.

பழைய சோற்று நீரில் பி12 பொங்கி வழிகிறது, ஸ்பைருலினா போதும் என்றெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடம்புக்குப் பயன்படாத போலி பி12. நிஜமாகவே பி12 இருந்தாலும், உணவில் வருகிற சிறு அளவு அதே அடைபட்ட வழியில்தான் போயாக வேண்டும்.

அடுத்தது புரதம். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். நாலைந்து கரண்டியோடு வயிறு நிரம்பிவிடும் ஒருவர், அந்த இடத்தைச் சோற்றுக்குக் கொடுத்தால் கணக்கு எப்படி நேராகும்? முட்டை, மீன், பனீர், பருப்பு முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இப்படி நம் தட்டுக்கு ஏற்றபடி கணக்குப் போட்டு, அரிசி சாப்பிடுகிற சைவக்காரர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகள் நமக்கு நிறைய வேண்டும். ஆபரேஷன் செய்யும் ரோபோ வாங்க ஆஸ்பத்திரிகள் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியை, "மாத்திரை போடுறீங்களா?" என்று போன் போட்டுக் கேட்கும் ஊழியருக்குச் சம்பளம் தருவதில் காட்டினால் நல்லது என்பது என் கட்சி.

கால்சியத்தில் சிட்ரேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பி12-க்கு நேர் எதிர் தையமின் என்ற பி1. உடம்பு சேமித்து வைத்திருப்பது இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் விடாமல் வாந்தி எடுத்தால், கண் ஒரு மாதிரி ஆடினால், நடை தள்ளாடினால், குழப்பமாகப் பேசினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளுக்கோஸைச் செலவழிக்க மூளைக்குத் தையமின் தேவை. அது தீர்ந்திருக்கும்போது குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். இன்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது, டிரிப்புக்கு முன்னால் தையமின் கொடுக்க வேண்டுமா என்று கூடப் போகிறவர் டியூட்டி டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.