பீட்ரூட் சாறும் ஒரு வெள்ளிக் கட்டியும்

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வரும். போன தடவை நன்றாகக் காய்த்த செடியில்தானே விதை எடுத்தோம், இந்தத் தடவை ஏன் இப்படி? இதே கேள்விக்கு 1850களில் பாரிஸின் ஒரு விதைக்கடைக் குடும்பம் விடை கண்டது. பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சி 1866இல் அச்சாவதற்கு முன்பே! பயிர்ப் பெருக்கத்தில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு தூரம் போன யோசனை வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குடும்பம் வில்மோரின். 1774இல் பிலிப் விக்துவார் என்பவர் ஆந்திரியூ என்ற விதை வியாபாரியின் மகளை மணந்தார். மாமனார் கடை வில்மோரின்-ஆந்திரியூ கம்பெனியாக வளர்ந்தது. விற்பதோடு நிற்காமல், விதைகளை வெர்ரியேர் ஊரிலிருந்த சொந்தத் தோட்டத்தில் விதைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பேரன் லூயி அங்கே கையில் எடுத்தது சர்க்கரை பீட்ரூட்.

பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி கம்பெனிக்கு நெல்லிக்குப்பத்தில் ஆலை இருக்கிறது. நமக்குச் சர்க்கரை என்றால் கரும்புதான். பிரான்சுக்கோ, நெப்போலியன் காலப் போரில் கடல் வழியாக வந்துகொண்டிருந்த கரும்புச் சர்க்கரை தடைப்பட்டது. 1811இல் அரசே பீட்ரூட் பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் அந்தக் கிழங்கில் சர்க்கரை குறைவு. கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம், அதனால் தாயின் குணம் அப்படியே வரும். பீட்ரூட் விதையில் வருவது. மகரந்தம் காற்றில் பறந்து எந்தச் செடியோடும் சேரும், ஒவ்வொரு விதையும் ஒரு விதம்.

நல்ல கிழங்கைக் கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். லூயி முதலில் கிழங்குகளை உப்புத் தண்ணீரில் போட்டார். சர்க்கரை கூடுதலான கிழங்கு கனமாக இருக்கும், மூழ்கும். ஆனால் உள்ளே காற்று இடைவெளி இருந்தால் நல்ல கிழங்கும் மிதந்துவிடும். அப்புறம் கிழங்கில் சிறு துண்டு வெட்டிச் சாறு எடுத்தார். எடை தெரிந்த ஒரு வெள்ளிக் கட்டியை அந்தச் சாற்றில் அமிழ்த்தி நிறுத்தார். சாறு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குக் கட்டியின் எடை குறைந்து காட்டும். பீட்ரூட் இரண்டு வருடச் செடி: முதல் வருடம் கிழங்கு, அடுத்த வருடம் பூவும் விதையும். ஆகவே துண்டு வெட்டிய கிழங்கையே திரும்ப நட்டு விதை எடுக்க முடிந்தது.

திருப்பம் இங்கேதான். சாற்றில் சரிசமமாக இருந்த இரண்டு கிழங்குகளின் பிள்ளைகள் சமமாக இல்லை. தாயைப் போல பிள்ளை என்று நம்பி, இனிப்பான கிழங்குகளின் விதையையெல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அவர் ஒவ்வொரு தாயின் விதையையும் தனித்தனியாக விதைத்தார், பிள்ளைகளின் சராசரியைப் பார்த்தார், அதை வைத்தே தாயைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கிழங்கின் இனிப்பில் பரம்பரையும் உண்டு, மண்ணும் எருவும் தந்த அதிர்ஷ்டமும் உண்டு. ஒரே வயலில் பல பிள்ளைகளின் சராசரி எடுக்கும்போது அதிர்ஷ்டம் கரைந்துவிடும், பரம்பரை மிஞ்சும். 1856இல் இதை வெளியிட்டார். நான்கே ஆண்டில், 43 வயதில் இறந்துபோனார். மகன் ஹென்றி கோதுமைக்குப் போனார். அவர் மகரந்தம் கலந்து உருவாக்கிய ‘டாட்டெல்’ ரகம் 1883இல் விற்பனைக்கு வந்தது. இன்று சர்க்கரை பீட்ரூட்டில் 16 முதல் 18 சதவீதம் வரை சர்க்கரை இருப்பது சாதாரணம்.

சரி, மாடிக்கு வருவோம். நன்றாகக் காய்த்த அந்தச் செடி, தொட்டித் தண்ணீர் கசிகிற மூலையில் இருந்திருக்கலாம். விதையை ஒன்றாகக் கொட்டி வைக்காமல், செடிவாரியாகத் தனித்தனி உறையில் எழுதி வையுங்கள். ஒரே அளவு பையில், ஒரே மண் கலவையில், ஒரே வெயிலில் ஒவ்வொன்றிலும் சில செடி வளர்த்து ஒப்பிடுங்கள். பூசணி வகையில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொக்குகளை மாலையிலேயே மெல்லிய துணிப்பையால் மூடி, காலையில் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவைத் திரும்ப மூடிவிட வேண்டும். கடைப் பாக்கெட்டில் ‘எஃப்1’ என்று இருந்தால் அது இரண்டு வேறு ரகங்களின் முதல் தலைமுறைக் கலப்பு. அதன் விதையிலிருந்து வரும் செடிகளில் பெற்றோர் குணங்கள் பிரிந்து கலைந்து வரும், எந்த உறையும் அதைத் தடுக்காது. விதை சேர்க்க நாட்டு ரகத்தில் தொடங்குங்கள்.