ஒரு நிமிடக் கொதியும் ஐந்து தேக்கரண்டித் தண்ணீரும்

ஓவனைத் தொடாமல் செய்யும் சாக்லேட் ஓட்ஸ் இனிப்புக்கு வீட்டுக்கு வீடு ஒரு செய்முறை இருக்கும். ஒருவர் வெண்ணெயைக் கூட்டுவார், இன்னொருவர் பீனட் பட்டரைக் குறைப்பார். ஒரு வரியில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை: ‘தளதளவென்று கொதி வந்ததும் சரியாக ஒரு நிமிடம்.’ இனிப்பு கையில் எடுத்தால் நிற்குமா, கரண்டியால் வழித்துத் தின்ன வேண்டியிருக்குமா, பொடியாக உதிருமா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர் வீடுகளுக்கு இது ரொம்பத் தோதான பண்டம். முட்டை கிடையாது, அதனால் புரட்டாசி விரதத்திலும் தடையில்லை. 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஓவனை நம்பிப் பலகாரம் தொடங்கியவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. இதற்கு ஒரு கேஸ் அடுப்பு போதும். சீனி 400 கிராம், பால் 120 மில்லி, வெண்ணெய் 115 கிராம், கோக்கோத் தூள் கால் கோப்பை. இவற்றை ஒன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, அரைக் கோப்பை பீனட் பட்டரும் மூன்று கோப்பை ஓட்ஸும் கலந்து, மெழுகுத் தாளில் கரண்டி கரண்டியாக வைத்தால் அரை மணியில் இறுகிவிடும்.

இறுகுவதற்கு வெண்ணெய் உறைவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கால்வாசி வேலை சீனியுடையது. பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பாலில் ஏறக்குறைய 108 கிராம் தண்ணீர். வெண்ணெயிலும் தண்ணீர் உண்டு, எடையில் 16 விழுக்காடு வரை. அது ஒரு 18 கிராம். ஆக 126 கிராம் தண்ணீரில் 400 கிராம் சீனி. இந்தக் கரைசல் உருண்டை பிடிக்கும் பதத்துக்கு வர வேண்டுமென்றால் சீனி 80 விழுக்காடாக ஏற வேண்டும். அதாவது தண்ணீர் 100 கிராமாக இறங்க வேண்டும். வெளியேற வேண்டியது வெறும் 26 கிராம், ஐந்து தேக்கரண்டி.

கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2.26 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 26 கிராமுக்கு 59 கிலோஜூல். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் எரிந்தாலும் பாதிக்கு மேல் பக்கவாட்டில் வீணாகி, பாத்திரத்துக்குள் போவது சுமார் ஒரு கிலோவாட்தான். ஒரு கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 60 கிலோஜூல். ‘சரியாக ஒரு நிமிடம்’ என்று முதன்முதலில் எழுதிவைத்தவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். ஆனாலும் கணக்கு கச்சிதமாக வந்து உட்காருகிறது.

ஆகவே நிமிடத்தை எப்போது எண்ணத் தொடங்குகிறோம் என்பது முக்கியம். ஓரத்தில் நாலு குமிழ் வந்ததுமே கடிகாரத்தைப் பார்ப்பதுதான் சகஜமான தவறு. அப்போது வெப்பத்தில் பெரும்பகுதி பாகைச் சூடேற்றவே செலவாகிறது, தண்ணீர் போவதில்லை. நடுவிலும் குமிழ் கிளம்பி, கரண்டியால் கிளறினாலும் அடங்காத நிலை வந்த பிறகே எண்ண வேண்டும்.

இனி சீனிப் படிகங்கள். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சீனியைத்தான் கரைத்து வைத்திருக்கும். நம்மிடம் இருப்பதோ 400. சூடாக இருக்கும்வரை அத்தனையும் கரைந்து கிடக்கும். ஆற ஆற உபரியாக உள்ள பாதிச் சீனி வெளியே வந்தே தீர வேண்டும். வருவது சில பெரிய படிகங்களாக வந்தால் நாக்கில் நறநறக்கும், கணக்கில்லாத நுண்படிகங்களாக வந்தால் மாவு போலக் கரையும். ஓட்ஸும் கோக்கோத் துகள்களும் படிகம் வளரத் தொடங்க ஆயிரக்கணக்கான இடங்களைக் கொடுக்கின்றன. வெண்ணெயும் பீனட் பட்டரும் நடுவில் புகுந்து எதுவும் பெரிதாக வளராதபடி தடுக்கின்றன. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாளில் வைத்தவுடன் இனிப்பு ஈரமாகப் பளபளக்கும். சற்று நேரத்தில் ஓரத்திலிருந்து பளபளப்பு மங்கத் தொடங்கி, மேல்பரப்பு முழுவதும் மங்கலாகிவிடும். நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதற்கான அடையாளம் அது. அந்த மங்கல் வராமல் பளபளத்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சிலர் சீனியில் பாதிக்குப் பதில் கோல்டன் சிரப் ஊற்றுகிறார்கள். அதிலுள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் படிகமாவதைக் கெடுப்பதால் இனிப்பு இழுவையாகவே நிற்கும். டாஃபி வேண்டுமென்றால் சரி.

டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் உள்ள வேறுபாடுதான் இதில் சுவாரசியமான பகுதி. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டு, ஜோகன்னஸ்பர்கை ஒட்டிய லெனேசியாவில் ஒரு பெண் இதைச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“பெரியம்மா, எல்லாம் மண்ணு மாதிரி உதிர்ந்து போச்சு.”

“ஒரு நிமிஷத்துக்கு மேல விட்டுட்டியா?”

“நிமிஷமெல்லாம் பாக்கல. தெர்மாமீட்டர் வச்சு, புக்குல போட்ட மாதிரி 113 வந்ததும் இறக்கிட்டேன்.”

கோளாறு அங்கேதான். டர்பன் கடலோரம், அங்கே தண்ணீர் 100 பாகை (டிகிரி) செல்சியஸில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான், தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். சீனி சேரச் சேரக் கொதிநிலை ஏறும். 80 விழுக்காட்டுப் பாகு தண்ணீரை விட 12, 13 பாகை கூடுதலில் கொதிக்கும். டர்பனில் அது 112, 113. லெனேசியாவில் 106, 107. அங்கே 113 வரும்வரை காத்திருப்பது கடலோரத்தில் 119 வரை காய்ச்சுவதற்குச் சமம். தண்ணீர் 70 கிராம் அளவுக்கு வற்றிப்போய், ஓட்ஸைக் கொட்டிய கையோடு சீனி பாத்திரத்திலேயே படிகமாகிவிடும். கடிகாரம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாள். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம் மேட்டிலும் கடலோரத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே.

தெர்மாமீட்டர்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அது காட்டும் எண்ணோடு 12, 13 கூட்டிக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால் அதிரசப் பாகுக்குப் பார்க்கும் சோதனையே மேல். கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்று திரள வேண்டும். அது வெப்பத்தை அளக்கவில்லை, பாகில் மிஞ்சிய தண்ணீரை நேரடியாக அளக்கிறது. ஆகவே எந்த உயரத்திலும் பொய் சொல்லாது.

அழுத்தம் குறைந்தால் பாகு குறைந்த சூட்டில் வற்றும் என்பது சர்க்கரை ஆலைக்காரர்களுக்குப் பழைய சங்கதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் உருவாக்கிய வெற்றிடக் கொப்பரையில், காற்றை உறிஞ்சிவிட்டு, பாகு கருகாதபடி 70 பாகைக்கு அருகிலேயே காய்ச்சுவார்கள். உரிய நேரத்தில் சீனிப் பொடியை விதையாகத் தூவிப் படிகம் வளர்ப்பார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கியவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இழுத்தது இந்தத் தொழில்தான்.

ஓட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகாத தானியத்தை எப்படித் தின்பது என்ற தயக்கம் வேண்டாம். ஆலையிலேயே நீராவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள். அந்த நீராவி, கொழுப்பில் சிக்கு வாடை வரவைக்கும் நொதியையும் செயலிழக்கச் செய்கிறது. சீக்கிரம் வேகும் மெல்லிய ஓட்ஸ்தான் இதற்கு ஏற்றது. சில நிமிடங்களில் பாகின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து பிசுபிசுப்பாகி ஒட்ட உதவும். தடித்த ஓட்ஸைப் போட்டால் இனிப்பு இறுகிய பிறகும் பல்லில் நெருடும். உடைத்த ஓட்ஸ் வேண்டவே வேண்டாம்.

தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தட்டு அனுப்புகிறவர்கள் அளவை இரட்டிப்பார்கள். அப்போது ஒரு நிமிடம் போதாது. போக வேண்டிய தண்ணீர் 52 கிராம், அடுப்போ அதே அடுப்பு. இரண்டு நிமிடம் ஆகும். நான்கு மடங்கு என்றால் நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுச் சொட்டுச் சோதனைக்குப் போய்விடுங்கள், அல்லது இரண்டு தடவையாகக் காய்ச்சுங்கள்.

டர்பன்காரர்களுக்கு ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் சீனிப் படிகமே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். பிப்ரவரி மாதத்து டர்பனில் விடியற்காலையில் இது சாதாரணம். அந்த நாட்களில் கூடுதலாக ஒரு கால் நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் இறுக்கமான டப்பாவில் அடைக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் இதற்கு நேர்மாறு: திறந்து வைத்தால் மறுநாளே விறைத்துவிடும், அதனால் அங்கேயும் டப்பாதான். ஃப்ரிட்ஜில் வைத்தால், டப்பாவோடு வெளியே எடுத்து அறைச் சூடு ஏறிய பிறகு திறங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த இனிப்பின் மேல் படிந்து, மேலே உள்ள படிகங்களை மறுபடி பாகாக்கிவிடும்.