கிண்ணத்துக்குள் ஒரு திமிசு

"அம்மாவுக்கு 16 வருஷத்துக்கு முன் வைத்த செயற்கை இடுப்பு மூட்டு ஆடுகிறது. தொடையெலும்பின் பந்து பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தில் எலும்பு கரைந்துவிட்டது, வேறொருவர் எலும்பை வைத்து அடைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உயிரில்லாத எலும்பு எப்படி ஒட்டும்?" ஒரு வாசகியின் கேள்வி இது.

எலும்பு கரைவது பெரும்பாலும் தேய்மானத்தால்தான். செயற்கை மூட்டின் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து உதிரும் நுண்துகள்களை விழுங்கும் பாதுகாப்பு செல்களால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை எழுப்பும் அபாயக்குரலில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் எலும்பரிக்கும் செல்கள் பெருகி, சுற்றியுள்ள எலும்பில் குழி பறிக்கின்றன.

அந்தக் குழியை நிரப்ப நெதர்லாந்தின் நைமேகன் நகரில் டாம் ஸ்லூஃப் குழுவினர் உருவாக்கி 1984இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. மூட்டு மாற்றிக்கொள்ளும் இன்னொருவரிடம் வெட்டியெடுத்த தொடையெலும்புப் பந்தைப் பரிசோதித்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். தேவைப்படும்போது 7 முதல் 10 மில்லிமீட்டர் சில்லுகளாக நறுக்குகிறார்கள். எலும்புக் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருந்தால் உலோக வலையால் கரை கட்டுகிறார்கள். பிறகு நம் ஊரில் திமிசுக்கட்டையால் தரையை இடித்து இறுக்குவார்களே, அதேபோல் அடுக்கடுக்காகச் சில்லு போட்டு, சுத்தியலால் அடித்து இறுக்குகிறார்கள். மேலே சிமெண்ட், அதன்மேல் புதுக் கிண்ணம்.

மாவாக அரைத்தால் என்ன? வழுக்கும். சில்லுகள் ஜல்லிபோல ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கொழுப்பும் வழுக்கும் என்பதால் அதையும் கழுவிவிடுகிறார்கள். சரி, ஒரே கட்டியாக வைத்தால்? ரத்தக்குழாய்கள் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. நடுப்பகுதி உயிரற்றே கிடந்து, ஒருநாள் நொறுங்கலாம். சில்லுகளுக்கிடையே சந்து உண்டு. அதன் வழியே ரத்தக்குழாய் நுழைகிறது, கூடவே ஆஸ்டியோகிளாஸ்ட்டும்! குழி பறித்த அதே செல்தான். இந்த முறை அது பழைய சில்லை அரித்தெடுக்க, பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்த இடத்தில் அம்மாவின் சொந்த எலும்பைக் கட்டுகின்றன. நைமேகனில் ஆடுகளிலும், பின்னர் நோயாளிகளிடம் எடுத்த திசுக்களிலும் இதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆகவே வந்த எலும்பு ஒட்டுவதில்லை; கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டுக்கொடுக்கிறது. உறைந்த சில்லில் உயிருள்ள செல்கள் அநேகமாக இல்லாததால், சிறுநீரகம் மாற்றியவர்போல எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளும் வேண்டாம்.

"பிணத்தின் எலும்பு ஆகாது" என்று பாட்டி தடுக்கிறாராம். அவரிடம் சொல்லுங்கள்: இப்படிக் கொடுத்தவர் உயிரோடு, புது மூட்டோடு நடந்துகொண்டிருப்பார். நம் அரசு மருத்துவமனைகளில் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு பந்தையும் பார்க்கையில் எனக்கு ஆதங்கம்தான். மாவட்டத்துக்கொரு எலும்பு வங்கிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் அம்மா வாக்கர் பிடித்தே நடக்கட்டும். சொந்த எலும்பு வளரத் தொடங்கும்வரை சில்லுகளைத் தாங்குவது அந்தத் திமிசின் இறுக்கம் மட்டுமே.