ஜெயிலில் ஒரு நாளைக்கு ஒரு நாள்தான்

"பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள். அப்படின்னா 14 வருஷ ஆயுள் தண்டனை ஏழே வருஷம்தானே சார்?" தீர்ப்பு வந்த மறுநாளே கைதியின் வீட்டார் கேட்பது இதைத்தான். எத்தனை முறை மறுத்தாலும் ஓயவில்லை.

எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. ஆயுள் தண்டனை 14 ஆண்டும் அல்ல, 20 ஆண்டும் அல்ல. ஆயுள் முடியும்வரை என்று, காந்தி கொலையில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20 என்பது தண்டனையில் கால், அரை என்று பங்கு கணக்கிடச் சட்டம் வைத்திருக்கும் எண். 14 விடுதலைத் தேதியே அல்ல. கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றம் என்றால், 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் அரசு தண்டனையைக் குறைத்து அனுப்பக் கூடாது என்று 1978-இல் வந்த தடை அது; பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 475. (அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவில் தண்டனையைக் குறைக்க ஆளுநருக்குள்ள அதிகாரம் தனிக் கதை.) 14 முடிந்தால் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லலாம். விட்டே ஆகவேண்டும் என்று கேட்க முடியாது.

இந்த 14-ஐ எண்ணுவதிலும் குழப்பம். ரிமாண்டில் 10 மாதம், தண்டனைக்குப் பின் உள்ளே 6 ஆண்டு, நடுவில் அப்பீல் ஜாமீனில் 2 ஆண்டு வெளியே என்றால் கணக்கில் நிற்பது 6 ஆண்டு 10 மாதம். பரோலில் வீட்டில் இருந்த நாளும் சேராது. 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நன்னடத்தைக்குக் கிடைத்த ரெமிஷனும் (தண்டனை நாள் கழிவு) 14-ஐக் குறைக்காது.

தண்டிப்பதற்கு நான்கு காரணம் சொல்வார்கள்: செய்ததற்குப் பதில், பார்ப்பவனுக்குப் பயம், ஆளை விலக்கி வைப்பது, திருத்தி அனுப்புவது. 14 ஆண்டுத் தடை இதில் முதல் மூன்றுக்காக. ரெமிஷன் நான்காவதற்காக. இரண்டும் ஒரே சட்டத்தில் இழுபறியாகத்தான் இருக்கும்.

'ஏழு வருஷத்தில் எடுத்துத் தர்றேன்' என்பவரிடம் தயவுசெய்து நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். முதலில் தீர்ப்பு நகலை வாங்குங்கள். தண்டனை பெற்றவருக்கு அது இலவசம். கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். 'தண்டனைக் குறைப்பின்றி 25 ஆண்டு' என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ எழுதியிருந்தால் 14 என்ற பேச்சே இல்லை. அப்படி விதிக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு என்பதை ராஜீவ் கொலைக் கைதிகள் தொடர்பான 2015 தீர்ப்பு உறுதிசெய்தது. குறிப்பிட்ட ஆண்டுக் கணக்கில் பல தண்டனைகள் இருந்தால் 'ஏககாலத்தில்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பழைய குற்ற நடைமுறைச் சட்டப்படி ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும்; பிஎன்எஸ்எஸ் படி, சேர்ந்தா அடுத்தடுத்தா என்று நீதிமன்றமே சொல்லவேண்டும். அபராதத்தைக் கட்டிவிடுங்கள். கட்டாததற்கான சிறை எதனோடும் சேர்ந்து ஓடாது, தனியாகத்தான் கழிக்கவேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்காக மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் உண்டு.

உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட 60 நாள், செஷன்ஸ் நீதிமன்றத்தில் போட 30. வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்கு அழையுங்கள், இலவசச் சட்ட உதவி கிடைக்கும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே கைதி அப்பீல் போடலாம். அடுத்த முறை மனு போட்டுச் சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது இதைக் கைதியிடம் சொல்லுங்கள்.