சி ஆட்9 வேறு, சி9 வேறு

கீபோர்டு வகுப்பில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். இரண்டுமே கார்டுகள், அதாவது சேர்த்து வாசிக்கும் சுரக் கூட்டங்கள். தாளில் சி ஆட்9 (Cadd9) என்று இருக்கும், மாணவர் சி9 (C9) வாசிப்பார். இரண்டிலும் ஒன்பது இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சி மேஜர் கார்டில் இருப்பவை சி, ஈ, ஜி. சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டே போனால் எட்டாவது மேல் சி, ஒன்பதாவது டி. அந்த டி-யை மட்டும் சேர்த்தால் ஆட்9. சி9-இல் கூடவே பி ஃபிளாட்டும் வரும். சஸ்2 (Csus2) என்று இன்னொரு கார்டு உண்டு; அதில் ஈ கிடையாது, அந்த இடத்தில் டி இருக்கும்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். சி-யை ஷட்ஜமாக வைத்தால் ஆட்9 என்பது ச, க, ப, மேல் ரி. நான்குமே மோகன ராகத்தில் உள்ளவை. சி9 வாசித்தால் கைசிகி நிஷாதம், அதாவது அந்த பி ஃபிளாட், நுழைந்துவிடும்; மோகனத்திலோ நிஷாதமே இல்லை. சங்கராபரணத்தில் ஒருவர் காகலி நிஷாதத்தில் (பி) நிற்கும்போது நீங்கள் கைசிகியைப் பிடித்தால் இரண்டும் இடிக்கும். பாடுகிறவருக்குத் தன் சுருதி மேலேயே சந்தேகம் வந்துவிடும், பாவம். அப்புறம், சி9 பொதுவாக எஃப்-ஐ நோக்கி இழுக்கும். ப்ளூஸ் பாணியில் அது இயல்பு. ஆனால் சி-யில் அமைதியாக முடிய வேண்டிய பாட்டின் கடைசியில் அதை வைத்தால் பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது. ஆட்9 அங்கே நிம்மதியாக நிற்கும். சி-க்குப் பஞ்சமம் ஜி, ஜி-க்குப் பஞ்சமம் டி. அதனால்தான் டி அவ்வளவு இயல்பாகச் சேர்கிறது.

கீபோர்டில் இடது கையில் சி, ஜி. வலது கையில் டி, ஈ, ஜி. டி-யும் ஈ-யும் பக்கத்தில் பக்கத்தில் லேசாக உரசுவதுதான் இந்தக் கார்டின் இனிமை. அதையே கீழ் ஸ்தாயியில் வாசித்தால் கலங்கலாகிவிடும். மைனரில் இன்னும் கவனம் வேண்டும். ஏ மைனர் ஆட்9-இல் பி-யும் சி-யும் ஒட்டி இருந்தால் உரசல் கூர்மையாகக் கேட்கும். அது பிடிக்காவிட்டால் பி-யை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோங்கள்.

கிட்டாரில் ஜி கார்டை நான்கு விரலால் பிடியுங்கள். முதல் இரண்டு கம்பிகளின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம்) இருக்கும் மோதிர விரலும் சுண்டு விரலும் அசைய வேண்டாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதே ஃப்ரெட்களில் ஒரு கம்பி கீழே இறக்கி, ஆறாம் கம்பியை விட்டு மீட்டினால் சி ஆட்9. ஜி-யிலிருந்து சி-க்கு மாறத் திணறும் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்கிறேன்.