வரிக்கு வரி கணக்கு

வீட்டு வரி கட்டினால் கையில் ஒரு ரசீது கிடைக்கும். பணம் வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அதில் எத்தனை ரூபாய் சாக்கடைக்குப் போனது, எத்தனை தெருவிளக்குக்குப் போனது என்று இருக்காது. அதையும் எழுதிக் கொடுத்தால் என்ன என்று சில நாடுகள் யோசித்தன. அமெரிக்காவில் 2011 ஏப்ரலில் வெள்ளை மாளிகை தன் இணையதளத்தில் ஒரு கணக்கீட்டுப் பக்கம் திறந்தது. ஆர்வம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டன் ஒரு படி மேலே போனது. 2012 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தபடி, 2014 நவம்பர் தொடங்கி சுமார் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு வரித் துறையே கணக்குச் சீட்டை அனுப்பியது.

சீட்டு பார்க்க எளிமையானது. வருமான வரியும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் (ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிப்பது) சேர்த்து ஒருவர் 2013-14 நிதியாண்டில் 5,000 பவுண்டு கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சமூக நலத்துக்கு 1,226 பவுண்டு, மருத்துவத்துக்கு 943.50, கல்விக்கு 657.50, அரசு முதியோர் ஓய்வூதியத்துக்கு 606, தேசியக் கடனுக்கான வட்டிக்கு 350, பாதுகாப்புக்கு 265.50. வெளிநாட்டு உதவி 57.50. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பங்கு 37.50 பவுண்டு, அதாவது வாரத்துக்கு 72 பென்ஸ்.

பென்ஸ் வரைக்கும் துல்லியமாக இருப்பதால் யாரோ நம் பணத்தைப் பின்தொடர்ந்து போய் எழுதியது போலத் தோன்றும். உண்மையில் நடப்பது ஒரு பெருக்கல். அரசின் மொத்தச் செலவில் ஒவ்வொரு துறையும் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள்; அந்தச் சதவீதத்தை நீங்கள் கட்டிய தொகையோடு பெருக்குவார்கள். அந்த ஆண்டு சமூக நலம் 24.52 சதவீதம், மருத்துவம் 18.87. எல்லாருக்கும் சதவீதம் ஒன்றுதான், தொகைதான் மாறும். கஜானாவுக்குள் போன பிறகு உங்கள் பவுண்டு எது, பக்கத்து வீட்டுக்காரர் பவுண்டு எது என்று பிரிக்க வழியில்லை. குளத்தில் ஊற்றிய குடத்துத் தண்ணீர் மாதிரி.

இதில் இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுகின்றன. ஒன்று, கடையில் கட்டும் மதிப்புக் கூட்டு வரி. பிரிட்டனில் அது 20 சதவீதம், ஆனால் சீட்டில் இல்லை. சம்பளம் குறைவாக இருப்பதால் வருமான வரி கட்டாதவருக்குச் சீட்டே வராது. அவர் சோப்பு வாங்கும்போது கட்டிய வரி கணக்கில் ஏறாது. இன்னொன்று கடன். அந்த நிதியாண்டில் பிரிட்டன் அரசு சுமார் 10,000 கோடி பவுண்டு கடன் வாங்கித்தான் செலவைச் சமாளித்தது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சீட்டைப் பார்த்தால் எல்லாச் செலவும் உங்கள் வரியிலேயே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் பெரிய தகராறு வந்தது சீட்டின் முதல் வரியில்தான். சமூக நலம் கிட்டத்தட்ட கால் பங்கு! சீட்டைப் படித்தவர்களில் பலர் அதை வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை என்றுதான் நினைத்திருப்பார்கள். பிரிட்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவனத்தின் (IFS) பொருளாதார நிபுணர்கள் அந்த மூட்டையைப் பிரித்துக் காட்டினார்கள். உள்ளே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர் போன்ற அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் இருந்தது. முதியவர்களையும் மாற்றுத் திறனாளிகளையும் பராமரிக்கும் செலவும் இருந்தது.

அப்படியென்றால் அது வேண்டுமென்றே செய்த வேலையா? பாதிக் காரணம் வகைப்பாடு. அரசுச் செலவுகளைப் பிரிக்க ஐ.நா. வெளியிட்ட சர்வதேச முறை ஒன்று உண்டு. பொதுநிர்வாகம், பாதுகாப்பு, மருத்துவம், கல்வி என்று பத்துப் பெட்டிகள். பத்தாவது பெட்டி ‘சமூகப் பாதுகாப்பு’. ஓய்வூதியங்கள், ஊனம், வேலையின்மை, குழந்தைகள், வீட்டு வாடகை உதவி எல்லாம் அதில்தான். பிரிட்டன் அதிலிருந்து அரசு முதியோர் ஓய்வூதியத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குச் ‘சமூக நலம்’ என்று பெயர் சூட்டியது. பலருக்கும் பிடித்த செலவு தனியாக நிற்க, பிடிக்காத பெயரில் மீதியெல்லாம் குவிந்தது. புள்ளிவிவரக்காரர் பெட்டி செய்தார், அரசியல்வாதி பெயர்ச்சீட்டு ஒட்டினார் என்பேன். ஆஸ்திரேலியா தன் வரி ரசீதில் இதே செலவை முதியோர், குடும்பங்கள், மாற்றுத் திறனாளிகள், வேலையில்லாதோர் என்று பிரித்துப் போடுகிறது. அரசின் கடன் எவ்வளவு என்பதையும் அடியில் காட்டுகிறது. எனக்கு அதுதான் நாணயமான சீட்டாகப் படுகிறது.

சரி, இதைப் படித்தால் மக்கள் மாறுகிறார்களா? அரசுச் செலவு பற்றி மக்களின் ஊகம் ரொம்பத் தப்பாக இருக்கும் என்பது மட்டும் உறுதி. 2013-ல் அமெரிக்காவின் சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பான கைசர் அறக்கட்டளை எடுத்த கருத்துக்கணிப்பில், நாட்டு பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவி எவ்வளவு என்று கேட்டதற்கு அமெரிக்கர்கள் சொன்ன சராசரி 28 சதவீதம். உண்மையில் ஒரு சதவீத அளவுதான். பிரிட்டன் சீட்டை வைத்து அரசியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2018-ல் வெளியானது. சீட்டைப் பார்த்தவர்களுக்குச் செலவு பற்றிய அறிவு கூடியது. வரி பற்றியும் செலவு பற்றியும் இருந்த அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று பிரச்சாரம் செய்தவர்களின் சிவப்புப் பேருந்து, ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு கொடுக்கிறோம் என்று எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, ஒன்றியத்தின் பங்கு 0.75 சதவீதம்தான் என்ற சீட்டுக் கணக்கு ஏற்கெனவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துதான் இருந்தது.

நம் ஊரில் இப்படிச் சீட்டு கிடையாது, ஆனால் நாமே போட்டுக்கொள்ளலாம். ‘ரூபாய் எங்கே போகிறது’ என்று மத்திய பட்ஜெட்டோடு ஒரு வட்டப்படம் வருமே, அது போதும். 2025-26 கணக்கின்படி ஒரு லட்சம் வரி கட்டினால் 22,000 மாநிலங்களின் பங்கு, 20,000 வட்டி, 8,000 பாதுகாப்பு, 6,000 மானியம். பக்கத்திலேயே ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது’ என்ற படமும் இருக்கும்; ரூபாய்க்கு 24 காசு கடன் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் போட்டிருக்கும். பிரிட்டன் சீட்டை விட இது மேல்.

ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளமும் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையும் பெரும்பாலும் மாநிலச் செலவு. டெல்லிச் சீட்டில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. சென்னையிலிருந்து இன்னொரு சீட்டு வேண்டும். அதில் யார் கட்டிய வரி என்று பெயர் போடுவதும் கஷ்டம், ஏனென்றால் மாநிலத்துக்கு வரும் வரி பெரும்பாலும் கடை வழியாக வருவது. பெட்ரோல் பங்கில் தரும் சீட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை லிட்டர், லிட்டர் என்ன விலை என்று இருக்கும். அதில் வரி எவ்வளவு என்பதே பெரும்பாலும் இருக்காது.